நட்டத்தில் நடக்கும் கம்பெனியின் நலம் அறியுமாறு

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறைக்கு ஒரு திங்கள் முன்னர், எம்முடன் விடுதியில் ஓரறையில் உறையும் நண்பரின் தமையனார்க்குப் பெங்களூரிலிருந்து வேலைக் கடிதம் ஒன்று வந்தது. அதனை விடுத்தது அமெரிக்க நாட்டுச் சமூக ஊடகக் கம்பெனியொன்றின் கிளை. கம்பெனியின் பெயர் ஈண்டு வேண்டா. ஊதியத்திற் பாதி பணமாகவும், மற்றப் பாதி மூன்று திங்கட்கு ஒருமுறை சிறிது சிறிதாக உரிமையாகும் பங்குகளாகவும் தரப்படும் என்பது கடிதத்தின் சாரம். தமையனாரோ வங்கியொன்றில் நிலையான பணியில் இருப்பவர். அவர் கல்விக்கென வாங்கிய கடனும் தீர்ந்தபாடில்லை. தந்தையார் நாசரேத்தையடுத்த சிற்றூர் ஒன்றில் நாற்பதாண்டுகளாகப் பலசரக்குக் கடை நடத்தி வருபவர். அக்கம்பெனி தோன்றிய நாள் தொட்டு ஓராண்டேனும் இலாபம் கண்டதில்லை என்று எவரோ அவர் காதிற் போட்டுவிட்டனர். "நட்டத்திலேயே நடக்கும் கடையில் ஒருவன் கூலிக்கு நிற்கலாமா? அதிலும் கூலியிற் பாதியை அந்தக் கடையின் பங்காகவே வாங்கிக்கொள்ளலாமா?" என்பது அவர் வினா. வீட்டில் விடை கூறுவார் இல்லாமையால் வினா விடுதிக்கு வந்து சேர்ந்தது.

யாம் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர். வாணிகக் கணக்கிற்கும் எமக்கும் உள்ள உறவு விடுதி உணவுச் செலவுச் சீட்டோடு முடிவது. எனினும், மூலத்தை ஒருமுறையும் உரையை இருமுறையும் படித்து, சொல்லுக்குச் சொல் பொருள் வினாவும் பழக்கம் எமக்கு உண்டன்றோ? ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையும் அவ்வாறே படித்தற்குரியது என்பதையும், அதன் உண்மைப் பொருள் பெரும்பாலும் பெரிய எழுத்தில் இல்லாது அடிக்குறிப்பில் உறைகின்றது என்பதையும், பொருளியல் வகுப்பு நண்பர் இருவர் துணையுடன் ஒரு திங்கள் முயன்று அறிந்தோம். அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற அந்நாட்டுக் கம்பெனிகள் டென்-கே என்னும் ஆண்டறிக்கையை அந்நாட்டு மேற்பார்வை ஆணையத்திற்கு அளித்தல் வேண்டும். அதனை எவரும் விலையின்றிப் படிக்கலாம். யாம் அறிந்ததை நேயர்க்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்துகொண்டிருக்கும் கதையைக் காட்டிலும், தொடக்கமும் இறுதியும் தெரிந்த கதை கற்பார்க்கு ஏற்றது. ஆதலின் ட்விட்டர் கம்பெனியின் கணக்கை எடுத்துக்கொண்டோம். அது 2006ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் தோன்றியது; 2013ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறியது; 2022ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் ஈலான் மஸ்க் என்பாரால் வாங்கப்பட்டுச் சந்தையினின்றும் நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளின் கணக்கு முழுவதும் வெளிப்படையாக உள்ளது.

சந்தைக்கு வந்த அன்று பங்கொன்றின் விலை 26 டாலர் என வைக்கப்பெற்றது. மாலையில் அது 44 டாலர் 90 சென்ட் ஆயிற்று. அவ்வளவு விருப்புடன் மக்கள் வாங்கிய கம்பெனி அதுகாறும் ஓராண்டேனும் இலாபம் ஈட்டியிருந்ததோ எனின், இல்லை. 2012இல் அதன் வரவு 31 கோடியே 69 இலட்சம் டாலர். நட்டம் 7 கோடியே 94 இலட்சம். 2013இல் வரவு இரட்டித்து 66 கோடியே 49 இலட்சம் ஆயிற்று. நட்டமோ 64 கோடியே 53 இலட்சம்! ஒரே ஆண்டில் நட்டம் எட்டு மடங்காயிற்று. ஒரு டாலர் வரவுக்கு 97 சென்ட் நட்டம் என்றால், நண்பரின் தந்தையார் அன்றே கடையை இழுத்துப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் எறிந்திருப்பார்.

ஆயினும் நட்டம் என்னும் ஒரு சொல் பல பொருளை உணர்த்தும். வாங்கிய விலைக்கும் குறைவாக விற்பவனும் நட்டப்படுகிறான். விற்கும் பொருளில் ஆதாயம் கண்டும், புதுக் கட்டடம் எழுப்புவதற்காகக் கையைக் கடித்துக்கொள்பவனும் நட்டப்படுகிறான். முன்னவன் எத்துணை மிகுதியாக விற்கின்றானோ அத்துணை விரைவில் அழிவான். பின்னவன் விற்பனை பெருகப் பெருகத் தேறுவான். ஆதலின் முதற்கண் நோக்கத்தக்கது நட்டத்தின் அளவன்று. சேவையை நடத்துதற்கே ஆகும் நேர்ச் செலவு வரவினும் குறைந்ததா மிகுந்ததா என்பதே. சமூக ஊடகத்தில் நேர்ச் செலவென்பது கணிப்பொறி நிலையங்கள், அவற்றிற்குரிய மின்சாரம், செய்தியைக் கொண்டு சேர்க்கும் இணைப்பு முதலியன. 2015இல் ட்விட்டரின் வரவு 221 கோடியே 80 இலட்சம் டாலர். அதில் இந்நேர்ச் செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எனவே ஒவ்வொரு டாலரிலும் மூன்றில் இரு பங்கு, ஆராய்ச்சிக்கும் விற்பனைக்கும் நிர்வாகத்திற்கும் எஞ்சி நின்றது.

இதற்கு மாறான நிலையையும் ஒரு கம்பெனியில் கண்டோம். ஸ்நாப்சாட் செயலியை நடத்தும் ஸ்நாப் கம்பெனி 2017ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சந்தைக்கு வந்தது. அதற்கு முந்திய 2016ஆம் ஆண்டில் அதன் வரவு 40 கோடியே 45 இலட்சம் டாலர். நேர்ச் செலவு மட்டுமே 45 கோடி டாலரைக் கடந்தது. அஃதாவது, தொழிலாளர் பெரும்பாலோர்க்குச் சம்பளம் கொடுப்பதற்கு முன்னரே கை நட்டம். படங்களையும் காணொளிகளையும் வைத்தற்கு அது தனக்கெனக் கணிப்பொறி நிலையம் அமைக்காமல் கூகிளிடமும் அமேசானிடமும் வாடகைக்கு இடம் பெற்றது. கூகிளுக்கு மட்டும் ஐந்தாண்டுகளில் 200 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்தது. பயனர் ஒருவர் மிகுந்தால் வாடகையும் மிகும். 2017இல் வரவு 82 கோடிக்கு மேல் உயர்ந்து நேர்ச் செலவைத் தாண்டியது. அதுவே அக்கம்பெனியின் கணக்கில் யாம் கண்ட முதல் நற்குறி. அவ்வாண்டின் நட்டம் 344 கோடி டாலர் என்று நாளிதழ்கள் தலைப்பிட்டு அலறின. எனினும் அந்நட்டத்தின் பெரும்பகுதி வேறொரு வகையினது. அவ்வகையே இனி யாம் கூறப்போவது.

தொழிலாளர்க்குப் பங்காகக் கொடுக்கும் ஊதியம் என்பது அது. நண்பரின் தமையனார்க்கு வந்த கடிதத்தின் மறுபாதியும் அதுவே யாதலின் இதில் யாம் நெடுநேரம் தங்கினோம். கம்பெனி தன் பணியாளர்க்குப் பங்கு கொடுக்குங்கால் பெட்டியிலிருந்து ஒரு காசும் வெளியே செல்வதில்லை. ஆயினும் கணக்கு விதி அப்பங்கின் மதிப்பைச் செலவென எழுதச் சொல்கிறது. ட்விட்டர் 2013இல் இவ்வாறு எழுதிய செலவு ஏறத்தாழ 60 கோடி டாலர். முன்னைய ஆண்டுகளில் வாக்களித்திருந்த பங்குகள் பல, கம்பெனி சந்தைக்கு வந்தாலன்றி உரிமையாகா என்னும் நிபந்தனையோடு கொடுக்கப்பட்டவை. சந்தைக்கு வந்த அன்று பழைய ஆண்டுகளின் செலவெல்லாம் ஒருசேரக் கணக்கில் இறங்கிற்று. 64 கோடி நட்டத்தில் 60 கோடி இதுவாயின், நட்டம் எட்டு மடங்கானதன் காரணம் விளங்கும்.

இதனைக் கண்டு கம்பெனிகள் ஒரு வழி வகுத்துள்ளன. வரி, வட்டி, தேய்மானம், பங்கூதியம் ஆகியவற்றை யெல்லாம் நீக்கிவிட்டு, எஞ்சியதைத் 'திருத்திய இலாபம்' என்று தாமே பெயரிட்டு அறிவிப்பர். 2014இல் ட்விட்டர் கணக்கு விதிப்படி அடைந்தது 57 கோடியே 78 இலட்சம் டாலர் நட்டம். திருத்திய கணக்கின்படி அடைந்தது ஏறத்தாழ 30 கோடி டாலர் இலாபம். ஆண்டும் ஒன்று, கம்பெனியும் ஒன்று! இவற்றுள் மெய் யாது? பணம் வெளிச்செல்லவில்லை யாகலின் பங்கூதியம் செலவன்று என்பார் ஒரு சாரார். யாம் அதற்கு உடன்படோம். பந்தியில் ஐம்பது இலை போட்டுப் பாயசமும் ஐம்பது பேருக்கே காய்ச்சியிருக்க, மேலும் பத்து இலை போடப்பட்டால், பாயசத்தில் ஒரு துளியும் குறையவில்லை என்பது உண்மையே. முன்னமே அமர்ந்திருந்தார் இலைக்கு வருவது குறையும் என்பதும் உண்மையே. ட்விட்டரின் பங்குகள் 2014இல் சராசரி 60 கோடியே 50 இலட்சமாக இருந்தன. 2017இல் 73 கோடியே 27 இலட்சம் ஆயின. பிற சிறு கம்பெனிகளை வாங்கப் பங்கு கொடுத்ததும் இதில் அடங்கும். மூன்றாண்டில் ஐந்து இலைக்கு ஓர் இலை கூடிற்று.

இங்கே ஒரு சோதனையை யாம் செய்து பார்த்தோம். பணியாளர் அனைவரும் ஒரு நாள் கூடி, "பங்கு வேண்டா, பணமாகவே தருக" என்று நின்றால் கம்பெனி தாங்குமா என்பதே அச்சோதனை. பங்கு விலை வீழுங்கால் இது வெறுங் கற்பனையாக நில்லாது. நல்ல பணியாளர் பணம் தருவாரை நாடிச் செல்வர். 2015இல் ட்விட்டரின் தொழில் நடப்பால் பெட்டிக்கு வந்த ரொக்கம் 38 கோடியே 31 இலட்சம் டாலர். அவ்வாண்டுப் பங்கூதியம் 68 கோடியே 21 இலட்சம். பணமாகக் கொடுத்திருப்பின் ஏறத்தாழ 30 கோடி துண்டு விழுந்திருக்கும். 2016இல் ரொக்கம் 76 கோடியே 31 இலட்சம், பங்கூதியம் 61 கோடியே 52 இலட்சம். துண்டு மறைந்து 15 கோடியளவு மிஞ்சுகிறது. புதுக் கணிப்பொறிகள் முதலியன வாங்கிய செலவையும் கழித்தால் அவ்வாண்டிலும் சிறு குறை உண்டு. 2017இல்தான் அதுவும் நீங்குகிறது. நேயர்கள் ஒன்றை உற்றுநோக்க வேண்டும்: 2016ஆம் ஆண்டின் நடுவே இக்கம்பெனியின் பங்கு 14 டாலருக்கும் கீழே இறங்கிற்று, சந்தை அதனைக் கைவிட்ட காலம் அது. ஆண்டு நட்டமும் 45 கோடியே 69 இலட்சமாகவே இருந்தது. உள்ளே நோய் தணியத் தொடங்கிய ஆண்டும் அதுவே.

இனி, பெட்டியிற் பணம். யாம் இவ்வளவும் கற்றுக் கொண்டிருந்தபோது நண்பரின் தந்தையார் தொலைபேசியிற் கேட்டது ஒன்றே: "தம்பி, சரக்குக் கொடுத்தவனும் கடன் கொடுத்தவனும் நாளைக் காலையில் ஒன்றாக வந்து நின்றால் அவர்கள் பெட்டியில் எவ்வளவு இருக்கும்?" பொருளியல் நூல்கள் பல பெயரிட்டுப் பல விகிதங்களாகக் கூறுவதன் சாரம் இவ்வினாவில் அடங்கும் என்று எம் நண்பர் வியந்தார். 2015ஆம் ஆண்டிறுதியில் ட்விட்டரிடம் ரொக்கமும் விரைவில் ரொக்கமாக்கத்தக்க பத்திரங்களுமாக ஏறத்தாழ 350 கோடி டாலர் இருந்தது. ஆண்டு நட்டம் 52 கோடி. 350ஐ 52ஆல் வகுத்து, இன்னும் ஆறேமுக்கால் ஆண்டு உயிரிருக்கும் என்று கூறுவார் உளர், அது பிழை. நட்டம் கணக்கில் உள்ளது. ரொக்கமோ தொழிலிலிருந்து உள்ளே வந்தது. ஆனால் ஸ்நாப் கம்பெனிக்கு அவ்வகுத்தல் பொருந்தும். 2017 இறுதியில் அதன் கையில் இருந்தது ஏறத்தாழ 200 கோடி டாலர். 2018 இறுதியில் ஏறத்தாழ 128 கோடி. அவ்வாண்டில் தொழிலுக்கும் கருவிக்குமாகக் கரைந்தது ஏறத்தாழ 81 கோடி. அதே வேகத்திற் கரைந்தால் இரண்டாண்டும் நில்லாது. அக்கம்பெனி கரைவின் வேகத்தைக் குறைத்ததோடு, 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் 126 கோடி டாலருக்குப் பங்காக மாற்றத்தகும் கடன் பத்திரம் விற்று மூச்சு வாங்கிற்று. 2021இல் ஆண்டு நட்டம் 48 கோடியளவில் இருக்கவே, பெட்டிக்கு 22 கோடி நிகர ரொக்கம் வந்தது. ஆக, இரண்டு கம்பெனிக்கும் பொதுவானது நட்டம் என்னும் பெயரே.

கடனைக் குறித்துச் சில சொற்களே போதும். ட்விட்டர் 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் 189 கோடி டாலருக்கு அத்தகைய கடன் பத்திரம் விற்றது. வட்டி ஒன்றுக்கு நூற்றுக்குக் கால், மற்றொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று. ஐந்தொகையில் இக்கடன் 150 கோடிக்கும் குறைவாகவே காணப்பெறும். எஞ்சிய தொகை எங்கே போயிற்று என்று இரண்டு நாள் மயங்கினோம். பங்காக மாற்றும் உரிமைக்குத் தனி மதிப்பிட்டு அதனை முதற்கணக்கிற் சேர்க்குமாறு அக்காலத்து விதி இருந்தது என்று அடிக்குறிப்புக் கூறிற்று. கடன்காரர்க்குத் திருப்ப வேண்டுவது 189 கோடியே.

இத்துணையும் பணத்தின் கணக்கு. சமூக ஊடகத்திற்கு மற்றொரு கணக்கும் உண்டு. அது ஆள் கணக்கு. 2013இல் ட்விட்டரின் வரவிற் பத்தில் ஒன்பது பங்களவு விளம்பரத்தால் வந்தது. விளம்பரம் செய்வார் விலை கொடுத்து வாங்குவது மக்களின் கண்களை. ஆதலின் எத்தனை கண்கள் என்று சொல்லுவது வணிகன் தன் படியின் அளவைச் சொல்லுவதை ஒக்கும்; படியில் பொய் புகுந்தால் கணக்குப் புத்தகம் முழுவதும் பொய்யாகும். இவ்வெண்ணைக் கணக்கு விதி வகுப்பதில்லை என்பதையும், கம்பெனியே தன் படியைத் தானே செய்துகொள்கிறது என்பதையும் மறத்தலாகாது.

திங்களில் ஒருமுறையேனும் எட்டிப் பார்ப்பவரை ட்விட்டர் பயனர் என எண்ணிற்று. 2013 இறுதியில் அவர் 24 கோடியே 10 இலட்சம். 2014 இறுதியில் 28 கோடியே 80 இலட்சம். 2015 இறுதியில் 32 கோடி. பின்னர் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது. எனினும் வரவு பெருகிற்று, அஃது எவ்வாறு? வரவை ஆளால் வகுத்துப் பார்த்தோம். 2013இல் ஆளொன்றுக்கு 2 டாலர் 76 சென்ட். 2015இல் 6 டாலர் 93 சென்ட். ஒப்பு நோக்க, 2013இல் பேஸ்புக்கின் வரவு 787 கோடி, பயனர் 123 கோடியளவு. ஆளொன்றுக்கு 6 டாலர் 40 சென்ட். வீட்டில் ஆள் மிகுந்ததைக் காட்டிலும் ஒவ்வோர் ஆளிடமும் மிகுதியாக வாங்கியதால் வந்த வளர்ச்சி இது. இதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பக்கத்தில் எத்தனை விளம்பரத்தை மக்கள் பொறுப்பர் என்பதே அவ்வெல்லை. 2014இல் நூற்றுக்கு 111ஆக இருந்த வரவின் வளர்ச்சி, 2015இல் 58ஆகவும், 2016இல் 14ஆகவும் இறங்கி, 2017இல் வரவே நூற்றுக்கு மூன்று குறைந்தது.

படியின் மேல் ஐயம் எழுந்ததும் இக்காலத்தே. 2017ஆம் ஆண்டு அக்டோபரில், மூன்றாண்டுகளாகப் பயனர் தொகையை மிகைபட எண்ணிவிட்டதாக ட்விட்டரே அறிவித்தது. பிறர் செயலிகளில் நுழைவதற்குக் குறியெண் அனுப்பும் கருவியொன்றை அது நடத்தியது. அதனைப் பயன்படுத்தினாரும் தவறாகப் பயனர் வரிசையிற் சேர்க்கப்பட்டிருந்தனர். மிகை 10 முதல் 20 இலட்சமே. முப்பத்திரண்டு கோடியில் அது சிறிது. ஆனால் வளர்ச்சி சில இலட்சங்களால் அளக்கப்படும் காலத்தில் அச்சிறிது பெரிது. 2019இல் திங்கட் கணக்கை அடியோடு நிறுத்தி, விளம்பரம் காட்டத்தகும் அன்றாடப் பயனர் என்னும் புதிய படியைக் கொண்டுவந்தது. பழைய படியில் 33 கோடி. புதிய படியில் 13 கோடியே 40 இலட்சம். நாள்தோறும் வருபவரை எண்ணுதல் ஒருவகையில் நேர்மையே. எனினும் வளர்ச்சி நின்றுபோன படியை நீக்கி, வளர்கின்ற படியை வைத்தல் அளப்பவனுக்கு வசதியானது என்பதை யாம் சொல்லாது விடுதற்கில்லை. 2022 ஏப்ரலில் அப்புதிய படியிலும் மூன்றாண்டுகளாக 19 இலட்சம் வரை மிகை நேர்ந்ததாக அறிவிப்பு வந்தது.

இதனால் விளைந்தது வெறும் நாணமன்று. 2014ஆம் ஆண்டு நவம்பரில் கம்பெனித் தலைவர்கள் பயனர் தொகை 55 கோடியை எட்டும் என்று முதலீட்டாளர்க்கு நம்பிக்கை ஊட்டினர். அது நடவாதென்று உள்ளே தெரிந்த பின்னும் வெளியே சொல்லாது மறைத்தனர் என்று பங்குதாரர் 2016இல் வழக்குத் தொடர்ந்தனர். குற்றம் இழைத்ததாகக் கம்பெனி ஒப்பவில்லை. ஆயினும் 2021இல் 80 கோடியே 95 இலட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அவ்வாண்டின் வரவு 507 கோடி. முன்னெப்போதும் இல்லாத உயர்வு. இத்தீர்வுத் தொகை இல்லாதிருப்பின் இலாபம் கண்டிருக்கும். அதனால் 22 கோடி நட்டம் ஆயிற்று. அறுவடை நல்ல ஆண்டில் பழைய படியின் கடன் வந்து கதவைத் தட்டிற்று.

நட்டத்தை ஐயுற்றுப் படிப்பது போலவே இலாபத்தையும் ஐயுற்றுப் படித்தல் வேண்டும் என்பதற்கும் இக்கம்பெனியே சான்று. 2017ஆம் ஆண்டின் கடைக் காலாண்டில் அது தன் முதல் இலாபத்தைக் கண்டது; தொகை 9 கோடியே 11 இலட்சம் டாலர். வரவு குறைந்த ஆண்டில் இலாபம் வந்தது எங்ஙனம்? முந்திய ஆண்டு அக்டோபரிற் பணியாளருள் நூற்றுக்கு ஒன்பதின்மரை நீக்கிற்று. வைன் என்னும் காணொளிச் செயலியை மூடிற்று. ஆராய்ச்சிச் செலவை 71 கோடியிலிருந்து 54 கோடியாகக் குறைத்தது. உண்டு கொழுத்ததால் வந்த நலமன்று, பத்தியம் இருந்ததால் வந்த நலம். பிறகு 2018இல் 120 கோடி, 2019இல் 146 கோடி என்று இலாபம் பொங்கியது. ஆனால் வரிக்கு முந்திய இலாபம் முறையே 42 கோடி, 39 கோடி மட்டுமே. மற்றவை வரிக் கணக்கின் விளைவு: 2018இல் வந்தது, பழைய நட்டங்கள் எதிர்கால வரியைக் குறைக்கும் என்பதற்கு இட்ட மதிப்பு, 2019இல் வந்தது, தன் கிளைகளுக்குள்ளேயே சொத்துரிமையை மாற்றி எழுதியதன் பயன். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் எதிர்கால இலாபம் ஐயத்திற்குரியதாகவே, 110 கோடி டாலர் மதிப்பைத் திரும்ப அழித்தது. அவ்வாண்டு 113 கோடி நட்டம் என்று கணக்கு முடிந்தது. ஏட்டில் வந்தது ஏட்டிலே போயிற்று.

இறுதியாக 2022இல் நிகழ்ந்தது. பங்கொன்றுக்கு 54 டாலர் 20 சென்ட் வீதம் 4400 கோடி டாலருக்குக் கம்பெனி விலையாயிற்று. அதில் ஏறத்தாழ 1300 கோடி கடனாகக் கம்பெனியின் தலையிலேயே ஏற்றப்பட்டது. 2021இல் தொழிலால் வந்த ரொக்கம் ஏறத்தாழ 63 கோடி. புதுக் கடனுக்கு ஆண்டு வட்டி 100 கோடியளவு ஆகும் என்று அந்நாளில் பலரும் கணித்தனர். அதே பயனர், அதே விளம்பரம், அதே கணிப்பொறிகள். முந்திய நாள் வரை வட்டியை எளிதிற் கட்டவல்லதாக இருந்த கம்பெனி, மறுநாள் வட்டிக்கே வருவாய் போதாத நிலையை அடைந்தது. ஒரு கம்பெனியின் நலம் அதன் தொழிலில் மட்டுமன்று, அதற்கு முதலிட்ட முறையிலும் உள்ளது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எமக்குக் கிடைக்கவில்லை. 2023இல் எக்ஸ் என்று பெயரும் மாறிற்று. டென்-கே அறிக்கை நின்றுபோனமையால் எம் படிப்பும் அவ்விடத்தில் நின்றது.

நிற்க. தமையனார்க்குக் கடிதம் விடுத்த கம்பெனியின் அறிக்கையையும் இம்முறையே படித்தோம். நேர்ச் செலவு போக வரவிற் பாதிக்கு மேல் மிஞ்சிற்று. கையிருப்பு, கரையும் வேகத்திற்கு மூன்றாண்டுக்குப் போதும். பெரிய கடன் இல்லை. ஆனால் பங்கூதியத்தைப் பணமாகக் கொடுக்கும் சோதனையில் அது தோற்றது. ஆண்டுதோறும் இலைகளும் மிகுந்து வந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பயனரை எண்ணும் படியையும் மாற்றியிருந்தது. இவற்றை ஒரு தாளில் எழுதி நண்பர் ஊருக்கு எடுத்துச் சென்றார். யாமும் உடன் சென்றோம்.

தந்தையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருமுறை படித்தார். பின்னர்க் கடையில் தொங்கிய நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துப் புறத்தே திருப்பி, "பங்கு ஒரு காசும் பெறாது என்றே வைத்துக்கொள்வோம். பணமாக வருவதில் வீட்டு வாடகையும் சாப்பாடும் போகக் கடன் தவணை கட்டலாகுமா?" என்று கணக்கிட்டார். கட்டலாம், திங்களுக்கு ஈராயிரம் ரூபாய் மிஞ்சியது. தமையனார் பங்கைக் குறைத்துப் பணத்தைச் சிறிது கூட்டித் தருமாறு எழுதிக் கேட்டார். கம்பெனி பாதி வழிக்கு இறங்கி வந்தது. ஜூன் திங்களிற் பணியில் அமர்ந்தார். செப்டம்பரில் முதற்றொகுதிப் பங்குகள் அவர் பெயருக்கு வந்தன. அன்று மாலையே அவற்றை விற்றுக் கல்விக் கடனிற் கட்டிவிட்டதாகத் தந்தையார்க்குச் செய்தி அனுப்பினார்.